மலையகப் பிள்ளையும் ஆங்கிலப் பெரிய எழுத்தும்

இருபத்தாறு ஆங்கில எழுத்துகளையும் மூச்சுவிடாமல் பாடிக்காட்டும் நான்கு வயதுப் பிள்ளையிடம், சுவரில் ஒட்டியிருக்கும் எழுத்துப் படத்தில் ‘ஜி’ எங்கே என்று கேட்டுப் பாருங்கள். பல பிள்ளைகள் ‘ஏ’யிலிருந்து மறுபடியும் பாடத் தொடங்குவார்கள். ஒவ்வோர் எழுத்தாக விரலை நகர்த்தி, பாட்டில் ‘ஜி’ வருகிற இடத்தில் நிறுத்துவார்கள். பாட்டு மனப்பாடமாகிவிட்டது, எழுத்தின் உருவம் இன்னும் மனதில் பதியவில்லை. கேட்டுக்கொண்டிருக்கும் பெற்றோருக்கு இந்த வேறுபாடு தெரிவதில்லை. பிள்ளை ‘ஏபிசிடி’ முழுவதும் சொல்லிவிட்டது என்று மனம் நிறைந்துபோகிறார்கள்.

நுவரெலியா மாவட்டத்துத் தேயிலைத் தோட்டங்களில் இந்த வேறுபாட்டுக்குக் கனம் அதிகம். கொழும்பிலோ கண்டியிலோ வசதியான வீட்டில் வளரும் பிள்ளைக்கு முன்பள்ளியில் விட்டுப்போனதை வீடு நிரப்பிக் கொடுக்கும். கதைப் புத்தகம் இருக்கும், ஆங்கிலம் பேசும் அத்தையோ மாமாவோ இருப்பார்கள். லயத்துப் பிள்ளைக்கு அந்தத் துணை அரிது. அம்மா காலையிலேயே பெரட்டுக்குப் போய் மலையேறிவிடுவார். கொழுந்து நிறுத்துவிட்டு வீடு திரும்பும்போது பொழுது சாய்ந்திருக்கும். ஆகவே எழுத்தை முதன்முதலில் பிள்ளையின் கண்ணுக்கும் கைக்கும் யார், எப்படி அறிமுகம் செய்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலையகப் பிள்ளைக்கு ஆங்கிலப் பெரிய எழுத்துகளை ‘ஏ’யில் தொடங்கி ‘இசட்’ வரை வரிசையாகக் கற்பிக்க வேண்டியதில்லை. பிள்ளையின் சொந்தப் பெயரில் தொடங்க வேண்டும். புள்ளிக்கோட்டின் மேல் பென்சிலை ஓட்டவைப்பதைக் குறைத்து, வெறும் தரையிலும் சிலேட்டிலும் பிள்ளை தன் கையால் எழுதிப் பார்க்க விட வேண்டும். இதற்கு ஆய்வுகளிலும் ஆதாரம் இருக்கிறது, மலையகத்தின் வரலாற்றிலும் காரணம் இருக்கிறது.

வரலாற்றை முதலில் பார்ப்போம். 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம், 6 முதல் 10 வயது வரையான தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வழங்கும் பொறுப்பைத் தோட்டத் துரைமாரிடம் ஒப்படைத்தது. 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம் அதே கடமையை மீண்டும் வலியுறுத்தியது. நடைமுறையில் கிடைத்தது லயத்துக் காம்பரா ஒன்றிலோ மடுவத்தின் மூலையிலோ நடந்த ஒற்றை ஆசிரியர் பள்ளிக்கூடம். தாய்மொழியில் கற்பிப்பது நல்ல கொள்கைதான். அதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் அதே தோட்டத்தில் துரையின் கந்தோர் ஆங்கிலத்தில் இயங்கியது. செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் தொழிலாளியின் பேர் விழுந்ததா, அரைப்பேரா முழுப்பேரா என்பதெல்லாம் அவரால் வாசிக்க முடியாத எழுத்தில் எழுதப்பட்டன. தோட்டத்தின் அதிகாரம் ஒரு மொழியிலும் தோட்டத்துப் பள்ளிக்கூடம் இன்னொரு மொழியிலும் இருந்தன. இரண்டுக்கும் இடையே பிள்ளை நடந்துபோக ஒரு வழியை அந்தச் சட்டங்கள் அமைத்துத் தரவில்லை.

1945இல் நாட்டில் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் நெடுங்காலம் அதன் முழுப் பலனுக்கு வெளியே நின்றன. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையான பின்புதான் அவற்றை அரசு படிப்படியாகப் பொறுப்பேற்றது. 1980களில் சுவீடன் நாட்டு உதவியுடன் தோட்டப் பாடசாலைகளுக்கான அபிவிருத்தித் திட்டம் நடந்தது. கொட்டகலைக்கு அருகே பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி ஜெர்மனியின் உதவியுடன் எழுந்தது. ஆசிரியர்கள் மலையகத்திலிருந்தே உருவாகத் தொடங்கினார்கள். இதற்கெல்லாம் வெகு முன்பே ஆங்கிலத்தைக் கைப்பற்றிய விதிவிலக்குகளும் உண்டு. மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்து, ஹட்டனில் மெதடிஸ்த மிஷன் பாடசாலையில் படித்து, 1954இல் தேயிலைத் தோட்டத்தைப் பற்றி ஆங்கிலக் கவிதை நூல் வெளியிட்ட ஸி.வி. வேலுப்பிள்ளை அவர்களில் முதன்மையானவர். விதிவிலக்குகளைக் கொண்டாடுவது சரி. ஆனால் லயத்திலிருந்து ஒருவர் ஆங்கிலத்தில் எழுதியது அன்று அதிசயமாகத் தெரிந்தது என்றால், மற்றப் பிள்ளைகளுக்குக் கதவு அடைத்திருந்தது என்றுதான் பொருள்.

கதவு இப்போது திறந்திருக்கிறது. ஆனால் பெரிய எழுத்துகள் இன்னும் மலையக மக்களை வேறொரு வழியில் துரத்துகின்றன. கடவுச்சீட்டு, வங்கிக் கணக்கு, ஈ.பி.எப் என்ற சேமலாப நிதிக் கோரிக்கை என்று எந்தப் படிவத்தை எடுத்தாலும் பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் எழுதச் சொல்லும் கட்டம் ஒன்று வந்துவிடுகிறது. தமிழில் ‘க’ ஒன்றுதான். ஆங்கிலத்தில் ‘கணேசன்’ ஒரு தாளில் ‘ஜி’யிலும் இன்னொரு தாளில் ‘கே’யிலும் தொடங்குவார். ‘தர்ஷினி’ ஓரிடத்தில் ‘டி’, மற்றோரிடத்தில் ‘ரி’. ‘லெட்சுமி’யை மலையகத்துக் கிளாக்கர்மார் ‘எல், ஈ, ரி, சி, எச்’ என்று தொடங்கி எழுதுவது பழைய வழக்கம். வேறு கந்தோர்களில் அதே பெயர் வேறு எழுத்துகளில் பதிவாகிறது. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர், சேமலாப நிதியில் மூன்றாவது பெயர் என்று ஆகி, ஓய்வுபெறும் வயதில் தன் பணத்தைப் பெறுவதற்குச் சத்தியக் கடதாசியோடு அலைகிற தொழிலாளர்களை மலையகம் நன்கு அறியும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கிய மக்கள் இவர்கள். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை தாம் யார் என்று தாள்களைக் காட்டியே நிரூபிக்க வேண்டியிருந்தவர்கள். தன் பெயரை ஒரே மாதிரியாக, தன் கையால், பிழையின்றி எழுதத் தெரிவது இந்தச் சமூகத்தின் பிள்ளைக்கு அழகுக்கான பயிற்சி அல்ல. உரிமைக்கான முதல் கருவி.

இனி எழுத்துக்கு வருவோம். தமிழில் பெரியது சிறியது என்ற பேதம் கிடையாது. 247 எழுத்துகளும் ஒவ்வொன்றும் ஒரே உடை. ஆங்கிலத்தில் 26 எழுத்துகள் என்று சொன்னாலும் பிள்ளை கற்க வேண்டியவை 52 உருவங்கள். காரணம் வரலாற்றில் இருக்கிறது. பெரிய எழுத்துகள் ரோமானியர் கல்லில் வெட்டியவை, கி.பி. 113இல் எழுப்பப்பட்ட திராயனின் தூண் கல்வெட்டில் அவற்றின் முழு அழகையும் காணலாம். சிறிய எழுத்துகள் கி.பி. 800ஐ ஒட்டி சார்லமேன் ஆட்சிக்காலத்தில் துறவிகள் தோலேட்டில் விரைவாகப் பிரதி எடுக்கப் பழக்கிக்கொண்டவை. கல்லுக்கான கையெழுத்தும் ஏட்டுக்கான கையெழுத்தும் பிற்காலத்தில் ஒரே வரியில் சேர்ந்துகொண்டன. அதனால்தான் பெரிய ‘ஜி’க்கும் சிறிய ‘ஜி’க்கும் முகச்சாயலே இல்லை. இலங்கை வகுப்பறைகளில் இவை ‘கெப்பிட்டல்’, ‘சிம்பிள்’ என்று வழங்குகின்றன.

எதை முதலில் கற்பிப்பது என்பது உலகம் முழுவதும் நடக்கும் வாதம். பெரிய எழுத்துகளை முதலில் வைப்போர் சொல்லும் காரணங்கள் வலுவானவை. அவை எல்லாம் ஒரே உயரம். கோட்டுக்குக் கீழே எதுவும் தொங்காது. மேலிருந்து எழுதத் தொடங்கலாம். இன்னொன்று அதைவிட முக்கியமானது. சிறிய எழுத்துகளில் ஒரு கோடும் ஒரு வட்டமும் சேர்ந்த உருவம் நான்கு வேடம் போடுகிறது: இரண்டு ‘பி’க்களும் ‘டி’யும் ‘கியூ’வும் ஒரே உருவத்தைத் திருப்பியும் கவிழ்த்தும் வைத்தவைதாம். மனிதக் கண்ணும் மூளையும் ஒரு பொருளை இடப்புறம் திருப்பினாலும் வலப்புறம் திருப்பினாலும் அதே பொருளாகவே எடுத்துக்கொள்ளும். கோப்பையின் கைப்பிடி எந்தப் பக்கம் இருந்தாலும் கோப்பை கோப்பைதானே. எழுத்தில் மட்டும் அந்த இயல்பைக் கைவிடுமாறு பிள்ளையிடம் கேட்கிறோம். பெரிய எழுத்துகளில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

இருந்தும் பெரிய எழுத்துகளைப் பிள்ளைகள் கண்ணாடி பிம்பம்போல் திருப்பி எழுதுவதுண்டு. பிரெஞ்சு உளவியலாளர் ஜான்-போல் பிஷர் இதை ஆராய்ந்தார். இடம்வலம் ஒத்திராத ஆங்கில எழுத்துகளில் பெரும்பாலானவை வலப்பக்கம் பார்த்து நிற்கின்றன; அந்தப் பழக்கத்தைப் பிள்ளை தானே கண்டுபிடித்து, இடப்பக்கம் பார்க்கும் ‘ஜே’, ‘இசட்’ போன்றவற்றையும் வலப்பக்கமாகத் திருப்பிவிடுகிறது. திருப்பி எழுதும் ஐந்து வயதுப் பிள்ளையை மக்கு என்று அதட்டுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். யாரும் சொல்லித்தராத ஒரு விதியைக் கவனித்துக் கற்றுக்கொண்டதால்தான் அது அந்தப் பிழையைச் செய்கிறது.

மறுபக்கத்து வாதத்திலும் உண்மை இருக்கிறது. புத்தகத்தின் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் நிறைந்திருப்பவை சிறிய எழுத்துகள். பெரிய எழுத்தோடு நின்றுவிட்ட பிள்ளையால் ஒரு வரியும் வாசிக்க முடியாது. ரெபெக்கா திரைமன், பிரெட் கெஸ்லர் என்ற இருவர் 2004இல் வெளியிட்ட ஆய்வு இந்த இரண்டு வாதங்களையும் இணைக்க உதவுகிறது: பெரிய எழுத்தைப் போலவே தோற்றமுள்ள சிறிய எழுத்தைப் பிள்ளைகள் எளிதில் கற்றுக்கொள்கிறார்கள். ‘சி’, ‘ஓ’, ‘எஸ்’, ‘வி’, ‘டபிள்யூ’, ‘எக்ஸ்’, ‘இசட்’ ஆகிய ஏழும் இரு உருவத்திலும் ஒன்றே. ‘கே’யும் ‘யு’வும் ஏறத்தாழ அப்படியே. ஆகவே பெரிய எழுத்து கற்ற பிள்ளைக்குச் சிறிய எழுத்தில் ஒரு பங்கு ஏற்கனவே கைவசம். உண்மையில் புதிதாகக் கற்க வேண்டியவை ‘ஏ’, ‘ஈ’, ‘ஜி’, ‘ஆர்’ போன்ற உருமாறிய எழுத்துகள். ஆசிரியையின் நேரம் அங்கேதான் செலவாக வேண்டும்.

அதே திரைமன் 1990களில் வேறொன்றையும் காட்டினார். பிள்ளைகள் முதலில் அறிந்துகொள்ளும் எழுத்து அகரவரிசையின் முதல் எழுத்து அல்ல. தம் பெயரின் முதல் எழுத்து. பின்னர் வந்த பல ஆய்வுகளும் இதை உறுதிசெய்தன. இதில் வியப்பில்லை. பிள்ளை தன் பையிலும் கொப்பி அட்டையிலும் அந்த எழுத்தையே அடிக்கடி பார்க்கிறது. அது தன்னுடையது என்ற உணர்வும் சேர்ந்துகொள்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். இந்த ஆய்வுகள் வீட்டில் ஆங்கிலமோ பிரெஞ்சோ பேசும் பிள்ளைகளிடம் நடந்தவை. அமெரிக்காவில் 2012இல் ஷெய்ன் பியாஸ்டா குழுவினர், முன்பள்ளி முடியும்போது பிள்ளைக்கு 18 பெரிய எழுத்துகளும் 15 சிறிய எழுத்துகளும் தெரிந்திருப்பது நல்ல இலக்கு என்று முன்வைத்தார்கள். அந்த எண்ணை அப்படியே எடுத்து டிக்கோயாவில் ஒரு பிள்ளையை அளப்பது அநீதி. கண்ணையும் கையையும் பற்றிய முடிவுகள் எந்த மொழிப் பிள்ளைக்கும் பொருந்தும். ஒலியைப் பற்றிய முடிவுகள் பொருந்தாது. தமிழ் எழுத்து கற்ற பிள்ளை, எழுத்தின் பெயரே அதன் ஒலி என்று எதிர்பார்க்கும். ‘ப’ என்று எழுதினால் ‘ப’ என்றுதான் வாசிக்க வேண்டும். ‘எச்’ என்ற பெயருக்குள் ஹகர ஒலி இல்லை என்பதும், ‘டபிள்யூ’ என்று அழைக்கப்படும் எழுத்து வகரமாக ஒலிக்கிறது என்பதும் அதற்குப் புரியாத வழக்கம். இரண்டு ‘பி’க்களும் தமிழில் ஒரே எழுத்தாகிவிடுகின்றன. பிள்ளைகளிடம் ‘ஒற்றை வயிற்றுப் பி’, ‘இரட்டை வயிற்றுப் பி’ என்று சொல்லிக் கொடுக்கலாம். ஆனால் பரமேஸ்வரியின் முதல் ஒலி எது, பாலனின் முதல் ஒலி எது என்று வாய்விட்டுச் சொல்லிக் காட்டினால்தான் இரண்டும் பிரிந்து நிற்கும். பெயரில் தொடங்குவதன் மற்றொரு பயன் இது. பிள்ளை பிறந்த நாள் முதல் கேட்டுவரும் ஒலி அது. ஆங்கிலச் சொல் ஒன்றும் தெரியாத பிள்ளைக்கும் தன் பெயர் தெரியும். ‘ஏ ஃபார் ஆப்பிள்’ என்பதில் எழுத்தும் புதிது, சொல்லும் புதிது. ‘இது கவிதாவின் கே’ என்பதில் எழுத்து மட்டுமே புதிது.

கையைப் பற்றிய ஆய்வுகளே என்னை மிகவும் அசைத்தவை. பிரான்ஸில் மரியேக் லோங்கான் குழுவினர் 2005இல் 3 முதல் 5 வயதுப் பிள்ளைகளை இரு குழுவாக்கி, ஒரு குழுவுக்கு எழுத்தைக் கையால் எழுதவும் மற்றதற்கு விசைப்பலகையில் தட்டவும் கற்பித்தார்கள். அவர்களில் மூத்த பிள்ளைகள், கையால் எழுதிய எழுத்துகளையே பின்னர் நன்றாக அடையாளம் கண்டார்கள். அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் கரின் ஜேம்ஸும் லோரா எங்கல்ஹார்ட்டும் 2012இல் இன்னும் ஒரு படி போனார்கள். வாசிக்கத் தெரியாத 5 வயதுப் பிள்ளைகள் சில உருவங்களைத் தம் கையால் எழுதினார்கள். சிலவற்றைப் புள்ளிக்கோட்டின் மேல் வரைந்தார்கள். சிலவற்றைத் தட்டச்சு செய்தார்கள். பிறகு எழுத்துகளைக் காட்டி மூளையைப் படம் பிடித்தபோது, வாசிப்போடு தொடர்புடைய பகுதிகள் தம் கையால் எழுதிய எழுத்துகளுக்கே தெளிவாகத் தூண்டப்பட்டன. புள்ளிக்கோட்டின் மேல் வரைந்தது அந்தப் பயனைத் தரவில்லை.

பிள்ளை தானே எழுதும் ‘ஆர்’ ஒவ்வொரு முறையும் வேறாக இருக்கும். ஒன்று சாய்ந்திருக்கும், ஒன்றின் கால் நீண்டிருக்கும், ஒன்று வயிறு பெருத்திருக்கும். இத்தனை கோணலுக்குள்ளும் எது ‘ஆர்’ஐ ‘ஆர்’ ஆக்குகிறது என்று பிள்ளையின் மூளை கண்டுகொள்கிறது. அச்சிட்ட புள்ளிகளின் மேல் ஓட்டும்போது ஒரே அச்சு திரும்பத் திரும்ப வருகிறது, கண்டுகொள்ள எதுவுமில்லை. நம் முன்பள்ளிகளில் கொப்பி நிறையப் புள்ளிக்கோட்டு எழுத்து அழகாக இருந்தால் பெற்றோர் திருப்திப்படுகிறார்கள். ஆசிரியைக்கும் வேலை நடந்த சாட்சி கிடைக்கிறது. கோணல்மாணலான எழுத்து நிறைந்த கொப்பியே கற்றல் நடந்ததற்குச் சாட்சி என்று பெற்றோருக்கு எடுத்துச் சொல்லும் துணிவு ஆசிரியைகளுக்கு வேண்டும். மரியா மொண்டிசோரி 1944இல் இலங்கைக்கு வந்து பயிற்சி வகுப்பு நடத்தியவர். அவருடைய முறையில் பிள்ளை உப்புத்தாள் எழுத்தை விரலால் தடவி உணர்ந்து, பின் வெற்றுப் பரப்பில் தானே எழுதும். அவர் பெயரைத் தாங்கிய முன்பள்ளிகள் பல இன்று அச்சுப் புள்ளிக் கொப்பிகளை நம்பியிருப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

எழுதும் வரிசை எப்படி அமைய வேண்டும்? பிள்ளையின் கை வளர்வதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. மூன்று வயதை ஒட்டி நிலைக்கோடும் வட்டமும், நான்கில் கூட்டல் குறி, அதன் பின் சதுரம், ஐந்தை ஒட்டி முக்கோணம். சாய்கோடு கடைசியில்தான் வசப்படும். அதனால் ‘எல்’, ‘ரி’, ‘எச்’, ‘ஈ’ ஆகியவை ‘ஏ’யைவிட எழுத எளியவை. அகரவரிசை என்ற காரணத்தால் மட்டும் ‘ஏ’யின் சாய்கோடுகளைப் பிள்ளை முதல் நாளே சந்திக்க வேண்டியிருக்கிறது.

தமிழ்ப் பிள்ளைக்கு இங்கே ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. அதை யாரும் பெரிதாகப் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை. ‘பட்டம்’, ‘படம்’ என்று தமிழ் எழுதப் பழகும் பிள்ளையின் கை ‘ட’வுக்குக் கீழே இறங்கி வலப்பக்கம் போகிறது. ‘எல்’ எழுதவும் அதே அசைவுதான். ‘ப’வுக்கு இறங்கி, வலப்பக்கம் போய், மேலே ஏறுகிறது. மூலையை வளைத்துவிட்டால் ‘யு’. கை ஏற்கனவே அறிந்த இரண்டு எழுத்துகள் இவை. ஒரே உருவத்தை ஒரு மொழியில் ‘ட’ என்றும் இன்னொன்றில் ‘எல்’ என்றும் வாசிப்பதில் தொடக்கத்தில் குழப்பம் வரலாம். தமிழ் எழுத்து உறுதிப்பட்ட பிறகு இதைச் செய்தால் அந்தக் குழப்பம் நிலைக்காது.

அடுத்த பாடப்புத்தகம் ரயில் நிலையத்தில் இருக்கிறது. மலையகப் பாதையின் நிலையப் பலகைகளில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் உண்டு. ஆங்கிலம் முழுவதும் பெரிய எழுத்து. ஹட்டன் என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள்: எச், ஏ, ரி, ரி, ஓ, என். இதில் ‘எச்’, ‘ஏ’, ‘ரி’, ‘ஓ’ நான்கும் இடம்வலம் ஒத்தவை; பிள்ளை விரும்பினாலும் அவற்றைத் திருப்பி எழுத முடியாது. பிழைபோக இடமுள்ளது ‘என்’ ஒன்றில் மட்டுமே. தொடக்கக்காரருக்கு இதைவிட இரக்கமுள்ள சொல் கிடைப்பது கடினம். கொட்டகலையைச் சேர்த்தால் ‘கே’, ‘ஜி’, ‘எல்’ வருகின்றன. நானுஓயாவில் ‘யு’வும் ‘வை’யும். கிரேட் வெஸ்டர்ன் நிலையத்தில் ‘ஆர்’, ‘ஈ’, ‘டபிள்யூ’, ‘எஸ்’. நான்கு பலகைகளில் 14 எழுத்துகள். நூறாண்டுக்கு மேலாக ரயில் ஓடும் அந்தப் பாதையில் எவருக்கும் செலவில்லாமல் நிற்கின்றன.

தேயிலைச் சாக்கிலும் பாடம் உண்டு. தொழிற்சாலையில் தூளைத் தரம் பிரித்துப் பொதியும்போது சாக்கில் அச்சிடும் பி.ஓ.பி.எவ் என்ற குறியில் இரண்டு ‘பி’க்களும் ‘எவ்’வும் ஒரே குடும்பம். மூன்றுக்கும் முதலில் இடப்பக்கத்தில் ஒரு கோடு கீழே இறங்கும். பிறகு கை மறுபடி உச்சிக்குப் போய்த் தொடரும். ‘டி’யும் ‘ஈ’யும் ‘ஆர்’உம் அப்படியே. அமெரிக்கத் தொழில்வழிச் சிகிச்சையாளர் ஜான் ஓல்சன் வகுத்த முறையில் பெரிய எழுத்துகள் இப்படி அசைவு வாரியாகத்தான் தொகுக்கப்படுகின்றன. அப்பா தொழிற்சாலையில் வேலை செய்தால், பிள்ளை அந்தக் குறியைத் தன் வீட்டு எழுத்தாகவே ஏற்றுக்கொள்ளும்.

‘வாரத்துக்கு ஓர் எழுத்து’ என்ற வழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 26 வாரம் போனால் ஆண்டில் பாதி முடிந்துவிடும். முதல் வாரத்தில் கற்ற எழுத்து மறந்தும் போயிருக்கும். சின்டி ஜோன்ஸ், ரே ரூட்ஸல் ஆகியோர் 2012இல் சொன்ன மாற்று எளியது: நாளுக்கு ஓர் எழுத்தைச் சுருக்கமாகக் கற்பித்து, முழுச் சுற்றையும் ஆண்டில் பலமுறை திரும்ப வருவது. வேலைக்கோ நோய்க்கோ கோயில் திருவிழாவுக்கோ பிள்ளை சில நாள் வராமல் போவது சகஜமான தோட்டத்துப் பள்ளிக்கு இது மிகவும் ஏற்றது. தவறவிட்ட எழுத்து அடுத்த சுற்றில் திரும்ப வரும்.

நம் கல்வி அமைப்பில் இருக்கும் இடைவெளி ஒன்றை இங்கே சுட்ட வேண்டும். 1999 முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த தொடக்கக் கல்விச் சீர்திருத்தம், 1ஆம் 2ஆம் தரங்களில் ஆங்கிலத்தைச் செயற்பாட்டு வழி வாய்மொழியாக வைத்தது. முறையான வாசிப்பும் எழுத்தும் 3ஆம் தரத்தில். கொள்கையாக இது நியாயமானது: முதலில் தாய்மொழியில் எழுத்தறிவு, பிறகு மற்றது. ஆனால் பல முன்பள்ளிகள் நான்கு வயதிலேயே ஆங்கிலப் பெரிய எழுத்துகளைக் கொப்பியில் நிரப்பவைக்கின்றன. பிள்ளை நான்கில் எழுதுகிறது. ஐந்திலும் ஆறிலும் அதைத் தொடுவாரில்லை. எட்டை நெருங்கும்போது 3ஆம் தரப் புத்தகம் சிறிய எழுத்தில் வந்து நிற்கிறது. நகரத்துப் பிள்ளைக்கு அந்த இடைவெளியை வீடும் டியூஷனும் மூடுகின்றன. ஆங்கில ஆசிரியர் பற்றாக்குறையுள்ள தோட்டப் பாடசாலையில் அது திறந்தே கிடக்கிறது. முன்பள்ளியில் கொப்பிச் சுமையைக் குறைத்து, 1ஆம் 2ஆம் தரங்களில் பெயரெழுத்தையும் ஊர்ப்பலகை எழுத்தையும் தினம் சில நிமிடமாவது தொடர்ந்தால், 3ஆம் தரத்துக்கு வரும் பிள்ளை வெறுங்கையோடு வராது. தமிழ் நேரத்தைப் பறித்து இதைச் செய்யக் கூடாது என்பதையும் அழுத்திச் சொல்கிறேன். தமிழில் தன் பெயரை எழுதத் தெரியாத பிள்ளையை ஆங்கிலத்தில் எழுதவைப்பது அடித்தளம் இல்லாத வேலை.

செய்ய வேண்டியவர்கள் யார்? தோட்டத்தில் பிள்ளையை அதிக நேரம் பார்ப்பவர் பிள்ளைக்காம்பராவில் இருக்கும் சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர். பழைய பிள்ளைக்காம்பராக்கள் பல இன்று பெருந்தோட்ட மனித அபிவிருத்தி நிதியத்தின் வழிகாட்டலில் சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாக மாறியிருக்கின்றன. 2015இல் உலக வங்கிக் கடனுதவியுடன் தொடங்கிய முன்பிள்ளைப்பருவத் திட்டத்தில் தோட்டத்துறைக்கென்றும் ஒரு பகுதி இருந்தது. கட்டடம் வந்தது, விளையாட்டுப் பொருள் வந்தது. இனி வேண்டியது அந்த உத்தியோகத்தரின் கையில் சோக்கும், சில நாள் நல்ல பயிற்சியும், அவருடைய வேலைக்கு உரிய மதிப்பும்.

பயிற்சியில் சொல்லித்தர வேண்டியவை அதிகமில்லை. பிறப்புச் சான்றிதழை வாங்கிப் பார்த்து, பெற்றோரோடு பேசி, பிள்ளையின் ஆங்கிலப் பெயரெழுத்தை ஒரே வடிவில் உறுதிசெய்ய வேண்டும். தமிழ் மேலேயும் ஆங்கிலப் பெரிய எழுத்து கீழேயுமாக ஓர் அட்டையில் எழுதி, பிள்ளை பார்க்கும் உயரத்தில் மாட்ட வேண்டும். சிமெந்துத் தரையில் சோக்கால் பெரிதாக எழுதவிட வேண்டும். நாலு கோட்டுக் கொப்பி பிறகு வரட்டும். முழுப் பெயரும் பெரிய எழுத்தில் வசப்பட்ட பின், முதல் எழுத்தை மட்டும் பெரிதாக நிறுத்தி மற்றவற்றைச் சிறிய எழுத்துக்கு மாற்றினால், ‘சிம்பிள்’ எழுத்தும் அதே பெயரின் வழியாகவே அறிமுகமாகிவிடும். பிறகு பக்கத்துப் பிள்ளையின் பெயர், அம்மாவின் பெயர், ஊரின் பெயர்.

பாடசாலை ஆண்டு ஜனவரியில் தொடங்குகிறது. ஐந்து வயது நிறைந்த பிள்ளைகள் 1ஆம் தரத்துக்கு வருவார்கள். அதிபர்மாரிடமும் தோட்ட நிர்வாகங்களிடமும் என் வேண்டுகோள் ஒன்றுதான்: அனுமதிப் பத்திரத்தோடு ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெயரட்டையும் தயாராக இருக்கட்டும். பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளையிடம் ‘ஏபிசிடி’ சொல்லச் சொல்லிக் கேட்காதீர்கள். ஒரு சோக்கைக் கொடுத்து அதன் பெயரை எழுதச் சொல்லுங்கள். கோணலாக இருந்தாலும் அழிக்காதீர்கள்.